கேப்டவுனைச் சுற்றி 109 கிலோமீற்றர்

தென்னாபிரிக்கா என்றதும் நம்மவர்களுக்கு நெல்சன் மண்டேலாவின் முகமும் கிரிக்கெட்டும்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் தங்கச் சுரங்கங்களைச் சொல்வார்கள். சைக்கிளைச் சொல்பவர் அநேகமாக இருக்கமாட்டார். ஆனால் அந்நாட்டின் தென்மேற்குக் கோடியிலுள்ள கேப்டவுன் நகரில், ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், முப்பதாயிரத்தை அண்மித்த மக்கள் சைக்கிளில் ஏறி 109 கிலோமீற்றர் தூரம் ஓடுகிறார்கள். சில வருடங்களில் இத்தொகை 35,000 வரை போயிருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு இதைவிட ஒரு சில கிலோமீற்றர்தான் அதிகம். நேரம் கணிக்கப்படும் சைக்கிள் ஓட்டங்களில் உலகிலேயே பெரியது என்று இதற்குப் பெயர்.

இவர்களில் பந்தய வீரர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் ஆசிரியர்கள், தாதிமார், வங்கி ஊழியர்கள், கடைக்காரர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். முதலாவதாக வருபவர் இரண்டரை மணித்தியாலமளவில் ஓடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கடைசியாக வருபவருக்கு ஏழு மணித்தியாலம் வரை அவகாசம் உண்டு. இருவருக்கும் வீதி ஒன்றே, காற்று ஒன்றே, ஏற்றமும் ஒன்றே.

இந்த மாதம் உங்களை அந்த ஓட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்றிருக்கிறேன். எண்ணைப் பெற்றுக்கொண்டவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சில இடங்களில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்வேன்; கோபிக்க வேண்டாம்.

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். 1977 ஒக்டோபரில் பில் மில்ரியா, ஜோன் ஸ்டெக்மன் என்ற இருவர் கேப்டவுனில் நூற்றுக்கணக்கான சைக்கிளோட்டிகளைத் திரட்டி ஓர் ஊர்வலம் நடத்தினார்கள். நகரத்தின் மேயரும் அதில் கலந்துகொண்டார். கோரிக்கை மிக எளிமையானது: மோட்டார் வாகனங்களின் நெரிசலில் சைக்கிளில் போகிறவனுக்கு உயிருக்கு உத்தரவாதமில்லை, ஆகவே சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டுத் தாருங்கள். கேட்டது பாதை. கிடைத்தது ஓட்டம். அடுத்த வருடம், 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, முதலாவது ஓட்டம் நடைபெற்றது. புறப்பட்டவர்கள் 525 பேர். முடித்தவர்கள் 446 பேர். உள்ளூர்ப் பத்திரிகையொன்றின் பெயரால் ‘ஆர்கஸ்’ என்றே அது நெடுங்காலம் அழைக்கப்பட்டது. இப்போது உத்தியோகபூர்வப் பெயர் வேறாக இருந்தாலும், பழைய ஆட்கள் இன்றும் ‘ஆர்கஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

1978 என்றால் எந்தக் காலம் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. நிறவெறிச் சட்டங்கள் முழு மூச்சுடன் நடைமுறையிலிருந்த காலம். எங்கே வசிப்பது, எந்தக் கடற்கரையில் குளிப்பது, எந்தப் பாடசாலையில் படிப்பது என்பதையெல்லாம் தோலின் நிறமே தீர்மானித்தது. விளையாட்டும் அப்படித்தான். கேப்டவுனைச் சேர்ந்த ஹசன் ஹோவா என்ற முஸ்லிம் விளையாட்டுத் தலைவரின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் ஒரு சுலோகம் அக்காலத்தில் பிரசித்தமாயிருந்தது. சமூகமே இயல்பாக இல்லாத நாட்டில் விளையாட்டு மட்டும் எப்படி இயல்பாக இருக்க முடியும் என்பதுதான் அதன் சாரம். அவர் இந்தச் சைக்கிள் ஓட்டத்தைக் குறிவைத்துச் சொல்லவில்லை. நாட்டின் எல்லா விளையாட்டையும் பற்றிச் சொன்னார். இருந்தாலும் இந்த ஓட்டம் போகும் வழியைப் பார்த்தால் அந்த வார்த்தை பல இடங்களில் ஞாபகத்துக்கு வரும்.

ஆயத்தங்கள்

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களுக்கு விசா தேவை. வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் மாறித்தான் போக வேண்டும். சைக்கிளை முன்சக்கரமும் பெடல்களும் கழற்றி, கைபிடியைத் திருப்பி, பெட்டியில் அடைத்துக் கொண்டு போவார்கள். டயரின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது வழக்கம். வெளிநாட்டவர்களும் பதிவு செய்துகொள்ளலாம். தலைக்கவசம் இல்லாதவரைப் புறப்பட விடமாட்டார்கள். உங்கள் இலக்கத்தோடு நேரத்தைக் கணிக்கும் ஒரு சிறு மின்னணுச் சில்லும் இருக்கும். முந்திய ஓட்டங்களில் நீங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்து உங்களை ஒரு குழுவில் சேர்ப்பார்கள். குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் அனுப்பப்படும். முதல் தடவை வருபவருக்குப் பின்வரிசைதான். அதனால் நட்டமொன்றுமில்லை. முன்வரிசைக்காரர்கள் எதையும் பார்ப்பதில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, ஐந்தாறு மாதம் ஒழுங்காக ஓடியிருக்க வேண்டும். தட்டையான வீதியில் மட்டும் ஓடிப் பழகியவர் அங்கே சங்கடப்படுவார். வழி நெடுகிலும் உள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் வரும். நம்முடைய மலைநாட்டு வீதிகளில் மிதித்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் கேப்டவுனின் தென்கிழக்குக் காற்றை நாம் இங்கே காண்பதில்லை. நகரத்தின் தூசியையும் புகையையும் வாரிக்கொண்டு போவதால் அக்காற்றுக்கு ‘வைத்தியர்’ என்று அங்குள்ளவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 2017 மார்ச்சில் அந்த வைத்தியர் மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டிய வேகத்தில் வந்து சேர்ந்தார். சைக்கிள்கள் கையிலிருந்து பறந்தன. நின்றவர்களே விழுந்தார்கள். ஓட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் முற்றாக நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய இரவுதான் ஹவுட் பேயிலுள்ள இமிசாமோ யேத்து என்ற குடிசைக் குடியிருப்பில் தீப்பிடித்து ஆயிரக்கணக்கானோர் வீடிழந்திருந்தனர். ஓட்டக்காரர்களுக்கென்று சேர்த்து வைத்திருந்த உணவும் தண்ணீரும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சைக்கிள் ஓடாத அந்த வருடத்தைத்தான் நான் இந்த ஓட்டத்தின் நல்ல வருடங்களில் ஒன்றாகக் கணக்கிடுவேன்.

தீயும் இதற்குப் புதிதல்ல. 2015இல் மலைகள் எரிந்ததால் ஓட்டம் 47 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது. 2002இல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியதால் இடையிலேயே நிறுத்தினார்கள்.

நோன்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டத்தின் திகதி ஆங்கில மாதத்தோடு போகிறது. நோன்போ பிறையோடு போகிறது. 2025 மார்ச் 9ஆம் திகதி ஓட்டம் நடந்தபோது அங்கே ரமழான் முதல் பத்து நடந்துகொண்டிருந்தது. பயணியாக வருபவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யும் சலுகை உண்டு; உள்ளூரவருக்கு அது இல்லை. விளையாட்டுக்காகச் செய்யும் பயணத்தில் அச்சலுகையை எடுக்கலாமா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமழான் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால், இன்னும் சிறிது காலத்தில் இந்தக் கேள்வியே எழாது.

சனிக்கிழமை இரவு

தங்குவதற்கு இடம் தேடும்போது போ-காப் பக்கம் பாருங்கள். சிக்னல் மலையின் சரிவிலுள்ள பழைய முஸ்லிம் குடியிருப்பு அது. மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று வர்ணம் பூசிய சிறிய வீடுகள், கல் பதித்த செங்குத்தான தெருக்கள். ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அடிமைகளாகவும் அரசியல் கைதிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் இங்கே வாழ்கிறார்கள். டோர்ப் வீதியிலுள்ள அவ்வல் பள்ளிவாசல் 1794இல் ஏற்பட்டது. அதன் முதல் இமாமான துவான் குரு 1780இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு ரொபன் தீவில் அடைக்கப்பட்டவர். பிற்காலத்தில் மண்டேலா அடைபட்டுக் கிடந்ததும் அதே தீவில்தான். துவான் குரு சிறையிலிருந்தவாறே, பிரதி எதுவும் பாராமல், மனனத்திலிருந்து முழுக் குர்ஆனையும் தம் கையால் எழுதினார்.

இங்கே ஒருவர் உங்களுக்கு ஏதும் கொடுத்தால் நன்றி சொல்ல ‘திரமக்காசி’ என்று சொல்லிப் பாருங்கள். நம் நாட்டு மலாய்ச் சகோதரர்களின் ‘தெரிமா காசி’தான் அது. ஒரே வலையில் பிடித்து ஒல்லாந்தர் சிலரை இங்கேயும் சிலரை அங்கேயும் இறக்கினார்கள். விருந்துக்குப் போனால் வீட்டுக்குக் கொண்டுபோகக் கட்டித் தரும் பலகாரப் பொதிக்கு அங்கே ‘பரக்கத்’ என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

இரவு நேரத்தோடு படுத்துவிடுங்கள். சோறும் கறியும் அளவோடு போதும். ஓட்டத்துக்கு முந்திய இரவு புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லதல்ல. ‘கூசிஸ்டர்’ என்ற, பாகில் தோய்த்துத் தேங்காய்ப்பூ தூவிய பலகாரம் ஞாயிறு காலைகளில் அங்கே வீட்டுக்கு வீடு விற்பனையாகும். அதற்கு நாளை பிற்பகல்வரை பொறுத்திருங்கள்.

புறப்பாடு

மார்ச் மாதத்தில் அங்கே சூரியன் ஆறரை மணிக்குப் பிறகுதான் உதிக்கும். ஸுப்ஹைத் தொழுதுவிட்டு இறங்கினால் நேரம் சரியாக இருக்கும். நகர மண்டபத்துக்கு முன்னாலுள்ள கிராண்ட் பரேட் திடலின் அயலில்தான் புறப்படுமிடம். 1990 பெப்ரவரி 11ஆம் திகதி, 27 வருடச் சிறைவாசம் முடிந்த அன்று மாலை, மண்டேலா மக்கள் முன்னிலையில் பேசியது அந்த மண்டபத்தின் மேல்மாடத்திலிருந்துதான். இருட்டில் அதன் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். சுற்றிவர ஆயிரக்கணக்கான சில்லுகளின் ‘டிக் டிக்’ சத்தம். சிலர் காற்றடிக்கிறார்கள், சிலர் வாழைப்பழம் உரிக்கிறார்கள். கண்பார்வையற்றவர்கள் இருவர் மிதிக்கும் நீளச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னிருப்பவரின் தோளைத் தட்டிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் கவனியுங்கள். முன்னிருப்பவர் வளைவையும் குழியையும் கியர் மாற்றத்தையும் வாயால் சொல்லிக்கொண்டே 109 கிலோமீற்றரும் போக வேண்டும்.

வெடி கேட்டதும் பாயாதீர்கள். முதல் ஐந்து கிலோமீற்றரில் வேகம் காட்டியவர்களை எண்பதாவது கிலோமீற்றரில் வீதியோரத்தில் காலை நீவிக்கொண்டிருக்கக் காணலாம். ஏறத் தொடங்கும் அகன்ற பாதைக்கு நெல்சன் மண்டேலாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் புல் முளைத்த வெட்டவெளிகள் தென்படும். ஆறாம் வட்டாரம் என்பார்கள். 1966 பெப்ரவரி 11ஆம் திகதி அது ‘வெள்ளையர் பகுதி’யாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மட்டும் கைவைக்கவில்லை. தொழுகிறவர்களை விரட்டிவிட்டுத் தொழும் இடத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

அதற்கப்பால் 1967 டிசெம்பரில் உலகின் முதலாவது மனித இதய மாற்றுச் சிகிச்சை நடந்த குரூட் ஸ்கூர் வைத்தியசாலை, பின்னர் மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம். இந்தப் பகுதி அகன்ற வேகப் பாதை. மற்ற நாட்களில் சைக்கிளுக்கு இங்கே அனுமதியே கிடையாத துண்டுகளும் உண்டு. ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிப் போனால் முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்குச் சிரமம் வெகுவாகக் குறையும். சற்று நேரத்துக்கு ஒருமுறை முறைமாறி முன்னே போவதுதான் மரியாதை. சிலர் கடைசிவரை பின்னாலேயே ஒளிந்துகொண்டு வருவார்கள். எல்லா ஊரிலும் அப்படி ஆட்கள் உண்டு.

இடப்பக்கம் கடல்

முய்சன்பேர்க்கில் கடல் எதிர்ப்படும். அங்கிருந்து வீதி கடலையும் ரயில் பாதையையும் ஒட்டிக்கொண்டு தெற்கே போகிறது. இடப்பக்கம் விரிந்து கிடப்பது ‘ஃபோல்ஸ் பே’ என்ற பெருங்குடா. கொஞ்சம் தலையைத் திருப்பி அதன் வடகிழக்குக் கரையைப் பாருங்கள். அங்கே மக்காசர் என்ற இடத்தில் ஷெய்க் யூசுஃப் அவர்களின் ஸியாரம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒல்லாந்தரை எதிர்த்து நின்ற இந்தோனேசிய மார்க்க அறிஞர் அவர். அவரைப் பிடித்து முதலில் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம் இலங்கைக்கு. 1684இலிருந்து ஏறத்தாழ பத்து வருடம் இங்கே இருந்தார், நூல்களும் எழுதினார். இலங்கை வழியாக ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் மூலம் அவருடைய செல்வாக்கு மீண்டும் தாயகத்துக்கு எட்டுவதைக் கண்டு அஞ்சிய ஒல்லாந்தர், 1694இல் அவரைக் குடும்பத்தினர், சீடர்கள் சகிதம் கேப்புக்குக் கப்பலேற்றினார்கள். 1699இல் அங்கேயே வபாத்தானார். தென்னாபிரிக்காவில் இஸ்லாம் வேரூன்றியதை அவரிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்.

கால்க் பேயில் மீன்பிடிப் படகுகள். பிஷ் ஹூக்கில் தண்ணீர் கொடுப்பார்கள். நிற்காமலே வாங்கலாம், ஆனால் காலிப் பையை வீதியில் எறியாதீர்கள், பின்னால் வருபவரின் சில்லு வழுக்கும்.

அடுத்து சைமன்ஸ் டவுன். இங்கேதான் மெதுவாகப் போகச் சொன்னேன்.

இது கடற்படை நகரம். 1957வரை பிரித்தானியர் வைத்திருந்தார்கள். உல்லாசப் பயணிகள் அருகிலுள்ள கடற்கரையில் பென்குவின் பறவைகளைப் பார்க்க வருவார்கள். வீதியின் வலப்பக்கம், மலைச் சரிவில், நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் இருக்கிறது. கப்பல் பட்டறையில் உழைத்தவர்களும் மீனவர்களும் தையற்காரர்களும் அதைச் சுற்றி வாழ்ந்தார்கள். 1967 செப்டெம்பரில் சைமன்ஸ் டவுன் வெள்ளையர் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வெள்ளையரல்லாத ஆயிரக்கணக்கானோர் அடுத்த சில வருடங்களில் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு, கதவு, கிணற்றடி, அண்டை வீட்டார் எல்லாம் போயின. அம்லே குடும்பம் என்ற முஸ்லிம் குடும்பமொன்று கடைசியாக 1975இல் வெளியேறியது. முதலாவதாக 1995இல் திரும்பி வந்ததும் அதே குடும்பம். அந்த வீடு 1998இல், வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வாழ்க்கையைக் காட்டும் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

அம்மக்கள் எங்கே போனார்கள்? பொறுங்கள், அந்த ஊருக்கும் இதே வீதியில்தான் போகிறோம்.

மலையைத் தாண்டி

சைமன்ஸ் டவுனுக்கு அப்பால் வீடுகள் குறைந்து, ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றம் தொடங்குகிறது. ஒருபக்கம் கடல் கீழே கீழே போகும், மறுபக்கம் பாறை. பபூன் குரங்குகள் திரியும் பகுதி. உணவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது புத்தியல்ல. உச்சியில் கேப் முனைக்குப் போகும் பாதை பிரியும். ஓட்டம் முனைக்குப் போவதில்லை. வலப்புறம் திரும்பி அத்திலாந்திக் கரைக்கு இறங்குகிறது. பாதித் தூரம் முடிந்தது. இந்த இறக்கத்தில் கைகள் குளிரும். ஸ்கார்பரோ, மிஸ்ற்றி கிளிஃப்ஸ், வெள்ளை வெளிச்சவீடு நிற்கும் கொமக்கி என்று ஊர்கள் விரைவாகக் கடந்துபோகும். காற்று எதிரே வந்தால் மட்டும் ஒவ்வொரு கிலோமீற்றரையும் எண்ணுவீர்கள்.

கொமக்கி தாண்டியதும் ஓஷன் வியூ. பெயர் ‘கடற்காட்சி’. ஊர் இருப்பதோ கரையிலிருந்து உள்ளே, மேட்டில். 1960களின் கடைசியில் அரசாங்கம் கட்டிய வரிசை வீடுகளும் மாடிக் கட்டடங்களும். சைமன்ஸ் டவுனிலிருந்தும் கிளென்கேன், ரெட் ஹில், நூர்ட்ஹூக் போன்ற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை இங்கேதான் கொண்டுவந்து விட்டார்கள். கடலோரத்தில் வலை உலர்த்தியவர்கள் மலைக்கு இந்தப் பக்கம் வந்தார்கள். வேலைக்கும் தொழுகைக்கும் மையவாடிக்கும் பழைய ஊருக்குப் போவதென்றால் மலையைக் கடந்து போக வேண்டும். நீங்கள் சைமன்ஸ் டவுனிலிருந்து இங்கே வர, சுற்றி வந்தும், இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்காது. இங்கிருந்து அங்கே குடிபோக அவர்களுக்குச் சட்டம் மாறும்வரை வழியிருக்கவில்லை. 1994இல் காணி உரிமைகளை மீளளிக்கும் சட்டம் வந்தது. உரிமை கோருவதற்கு 1998 கடைசிவரை தவணை கொடுத்தார்கள். ஆனால் சட்டம் வந்த நேரத்தில் பழைய வீடுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கடற்கரைக் காணியின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. பலருக்குப் பணம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. ஊரைவிட்டு ஒரே நாளில் எழுப்பப்பட்டவர்களின் கதை நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதொன்றல்ல.

ஓட்டம் நடக்கும் நாளில் ஓஷன் வியூ மக்கள் குடும்பமாக வீதியோரத்துக்கு வந்து நிற்பார்கள். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள், போகிற போக்கில் தட்டிவிட்டுப் போவதற்கு. களைத்துப் போய் வருபவர்களை அவர்கள் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவதைப் பார்த்தால், இவர்கள் இங்கே எப்படி வந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு ஒரு மாதிரியாக இருக்கும். கையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டு செக்கன் தாமதம் உங்கள் நேரத்தைக் கெடுத்துவிடாது.

இரண்டு ஏற்றங்கள்

இனி நூர்ட்ஹூக். அதற்கப்பால் பேர்பெற்ற சாப்மன்ஸ் பீக் பாதை. செங்குத்தான மலையின் இடுப்பில், கடலுக்கு மேலே, ஒன்பது கிலோமீற்றர் நீளத்துக்கு 114 வளைவுகளுடன் வெட்டியிருக்கிறார்கள். 1915இல் தொடங்கி 1922இல் திறந்தார்கள். கைதிகளின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. பாறை சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதால் 2000இல் மூடப்பட்டு, கம்பி வலைகளும் பாறைக்கடியில் அரைச் சுரங்கமும் அமைத்து 2003 டிசெம்பரில் மீண்டும் திறந்தார்கள். அந்த வருடங்களில் ஓட்டம் வேறு மலைப்பாதையால் போனது. உச்சியில் நின்று ஒரு தடவை பாருங்கள். கீழே ஹவுட் பே குடா, எதிரே கூரான மலை. உலகின் அழகான வீதிகளுள் ஒன்று என்று சொல்வதில் மிகையில்லை. இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து அழுத்தினால் சூடேறும்.

ஹவுட் பேயில் இறங்கியதும் ‘முடிந்துவிட்டது’ என்று மனம் சொல்லும். முடியவில்லை. சேக்கர்போசி இருக்கிறது. ‘சீனிச் செடி’ என்று பொருள்படும் இனிமையான பெயர். ஏற்றமோ கசப்பு. நீளம் இரண்டு மூன்று கிலோமீற்றர்தான். ஆனால் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர் மிதித்த கால்களோடு, வெயில் ஏறிய நேரத்தில் அதை ஏற வேண்டும். தொடக்கத்திலேயே சின்னக் கியருக்கு மாறிவிடுங்கள். நிமிர்ந்து உச்சியைப் பார்க்காதீர்கள். முன்னால் பத்து யார் தூரத்தை மட்டும் பாருங்கள். எழுந்து நின்று மிதிப்பதைவிட இருந்தபடியே சீராக மிதிப்பது மூச்சுக்கு நல்லது. தசைப்பிடிப்பு வந்தால் இறங்கி நடப்பதில் வெட்கமில்லை. உங்களோடு நூறு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். இரு பக்கமும் குடும்பங்கள் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கும். அந்தப் புகை உங்கள் வயிற்றில் செய்யும் அநியாயத்தைச் சொல்லி முடியாது. அடுப்புக்காரர் ஒருவர் ஓடிவந்து உங்கள் முதுகில் கைவைத்துக் கொஞ்சத் தூரம் தள்ளிவிடுவார். அவர் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

உச்சியைக் கடந்தால் கீழே அத்திலாந்திக். லண்டட்னோவுக்கும் கேம்ப்ஸ் பேக்கும் இடையில் வலப்பக்கம் வெறும் மலைச்சரிவாகத் தெரிவது அவ்டெக்ரால். இறங்கும் வேகத்தில் தவறவிடாதீர்கள். அங்கே பழைய முஸ்லிம் கபுறுகளும் ஸியாரங்களும் இருக்கின்றன. 1957இல் அச்சரிவைத் துண்டுபோட்டு வீடு கட்ட அரச அதிகாரி ஒருவர் அனுமதி கொடுத்திருந்தார். அங்கே கபுறுகள் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை. 1990களில் காணிச் சொந்தக்காரர் அந்த அனுமதியைத் தூசிதட்டி எடுத்து வீடு கட்ட முயன்றபோது கேப்டவுன் முஸ்லிம்கள் எதிர்த்து நின்றார்கள். வழக்கு நாட்டின் மேன்முறையீட்டு உச்ச நீதிமன்றம்வரை போய், 2004இல் சொந்தக்காரருக்குப் பாதகமாகத் தீர்ந்தது. உலகின் மிக விலையுயர்ந்த கடற்கரைகளில் ஒன்றில் அந்த ஒரு சரிவு மட்டும் வீடில்லாமல் இருப்பதன் காரணம் இதுதான். நகரைச் சுற்றியுள்ள ஸியாரங்கள் வளையம்போல் நின்று அதைக் காக்கின்றன என்று அங்கே ஒரு நம்பிக்கையும் உண்டு. அதுபற்றி ஆலிம்கள் பலவிதமாகச் சொல்வார்கள். அந்த விவாதம் நமக்கு வேண்டாம். அந்தக் கபுறுகள் அந்தச் சரிவைக் காத்தது மட்டும் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

கேம்ப்ஸ் பேயில் தென்னை போன்ற மரங்களும் சிற்றுண்டிச் சாலைகளும். பிறகு தட்டையான வீதி. கிரீன் பொயின்ற்றில், 2010 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காகக் கட்டிய மைதானத்துக்கு அருகில் முடிவுக் கோடு. கழுத்தில் ஒரு பதக்கம் போடுவார்கள். இவ்வோட்டத்தால் கிடைக்கும் பணம் சைக்கிளோட்டிகளின் சங்கமொன்றுக்கும் றோட்டரிக் கழகமொன்றின் தர்ம காரியங்களுக்கும் போகிறது.

சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். கூசிஸ்டர் மிச்சமிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மாலையில் வீதிகள் மீண்டும் மோட்டார் வாகனங்களுக்குத் திறக்கப்படும். மறுநாள் கால்கள் மரக்கட்டைபோல இருக்கும். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வீர்கள். அன்றைக்கே விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரு நாள் மேலதிகமாக வைத்துக்கொண்டு, வாகனமொன்றில் சைமன்ஸ் டவுனுக்குத் திரும்பிப் போங்கள். சைக்கிளில் பார்க்காமல் விட்ட அந்தப் பள்ளிவாசல் அல்ஃபிரட் ஒழுங்கையில் இருக்கிறது. ஏற்றம் செங்குத்து, மெதுவாக ஏறுங்கள். லுஹர் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, அவர் எந்த ஊரிலிருந்து தொழ வந்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.